குறைந்த இரத்த அழுத்தம்: எப்போது விட்டுவிடலாம், எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்

கருவியில் 94/58 என்று ஓர் அளவு தெரிகிறது. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவர் நலமாக இருக்கிறாரா, ஆபத்தில் இருக்கிறாரா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகளாகவே அந்த அளவில் இருந்து, நன்றாக உண்டு, உறங்கி, வேலை பார்த்துவரும் ஓர் இளம்பெண்ணுக்கு அது இயல்பான அளவு. வழக்கமாக 150/90 இருக்கும் எழுபது வயது முதியவருக்கு மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு அதே அளவு வந்தால், அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையாக இருக்கக்கூடும். ஆகவே இரத்த அழுத்தம் குறைவாகத் தெரியும்போதெல்லாம் மூன்று கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும்: இவருக்கு வழக்கமான அளவு எது, அதிலிருந்து எவ்வளவு விரைவாக இறங்கியது, இறங்கியதால் உடலில் என்ன தொல்லை தெரிகிறது.

குறைந்த அளவோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சிலோ நினைவிலோ தடுமாற்றம், குளிர்ந்து வியர்த்த தோல், இரத்த வாந்தி, கரியைப் போலக் கறுத்த மலம், நிற்காத இரத்தப்போக்கு, முகமும் நாக்கும் வீங்கும் ஒவ்வாமை, கடுமையான வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மீதமுள்ளவை, அவ்வளவு அவசரம் இல்லாதவர்களுக்காகவும், அவசரம் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காகவும் எழுதப்பட்டவை.

இரண்டு எண்களும் அவற்றின் பொருளும்

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தமனிகளுக்குள் தள்ளும்போது உண்டாகும் உச்ச அழுத்தம் மேல் அளவு. அடுத்த துடிப்புக்காக இதயம் தளர்ந்து நிரம்பும் வேளையில் தமனிகளில் எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் அளவு. மருத்துவர்கள் இவற்றை சிஸ்டாலிக், டயஸ்டாலிக் என்பார்கள். பெரியவர்களுக்கு மேல் அளவு 90-க்குக் கீழோ, கீழ் அளவு 60-க்குக் கீழோ இறங்கினால் குறைந்த இரத்த அழுத்தம் என்று சொல்வது வழக்கம். இது வசதிக்காகப் போட்ட கோடு. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் எல்லாம் நலம், கீழே இருப்பவர்கள் எல்லாம் நோயாளிகள் என்று அதற்குப் பொருள் இல்லை. மெலிந்த உடல்வாகு உடையவர்கள், இளம்பெண்கள், நீண்டநாள் உடற்பயிற்சி செய்து இதயத்தை வலுப்படுத்தியவர்கள் பலருக்கு 90/60-ஐ ஒட்டிய அளவே நிரந்தரமாக இருக்கும்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மேல் அளவு 115-ஐயும் கீழ் அளவு 75-ஐயும் தாண்டி ஏற ஏற மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு படிப்படியாகக் கூடுகிறது. ஆகவே எந்தத் தொல்லையும் இல்லாமல் இயல்பாகவே குறைந்த அளவு உடையவருக்குச் சிகிச்சை தேவையில்லை. அவருடைய இரத்தக் குழாய்களுக்கு அது நன்மையே. உப்பைக் கூட்டியும் மாத்திரை விழுங்கியும் அந்த அளவை 120-க்கு ஏற்ற முயல்வது வீண் வேலை மட்டுமல்ல, தீங்கும் கூட.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உடல் அசதி, சோர்வு, வேலையில் நாட்டமின்மை என்று எதுவாக இருந்தாலும் ‘லோ பிபி’ என்று பெயர் வைத்து அத்துடன் விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இது எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் அந்தப் பெயர் கிடைத்தவுடன் உண்மையான காரணத்தைத் தேடுவது நின்றுவிடுகிறது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகிய எல்லாமே அசதியைத் தரும். எப்போதும் 100/65 இருந்த ஒருவருக்கு ஆறு மாதமாகப் புதிதாக அசதி வந்திருந்தால், மாறாத இரத்த அழுத்தம் அதற்குக் காரணமாக இருப்பது அரிது.

இரத்த அழுத்தத்தைத் தீர்மானிப்பவை மூன்று: குழாய்களுக்குள் எவ்வளவு இரத்தம் இருக்கிறது, இதயம் எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறது, குழாய்கள் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன. இனி வரப்போகும் காரணங்கள் யாவும் இம்மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ குறைப்பவைதாம். வயிற்றுப்போக்கும் இரத்தப்போக்கும் முதலாவதைக் குறைக்கின்றன; மாரடைப்பும் தாறுமாறான இதயத் துடிப்பும் இரண்டாவதை; கடும் கிருமித்தொற்று, ஒவ்வாமை, நரம்புக் கோளாறு, பல மருந்துகள் ஆகியவை மூன்றாவதை.

முதலில் அளவு சரிதானா என்று பாருங்கள்

வீட்டில் ‘குறைவு’ என்று தெரியும் அளவுகளில் ஒரு பகுதி அளக்கும் முறையில் நேர்ந்த பிழை. கையைச் சுற்றும் பட்டை கைக்குப் பெரிதாக இருந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கை இதய மட்டத்துக்கு மேலே இருந்தாலும் அப்படியே: 10 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் அளவு ஏறக்குறைய 7 முதல் 8 வரை குறையும். மணிக்கட்டில் கட்டும் கருவிகளில் இந்தப் பிழை எளிதில் நேரும் என்பதால், மேற்கையில் கட்டும் கருவியே நம்பத்தக்கது. நாடி சீரற்றுத் துடிப்பவர்களுக்குத் தானியங்கிக் கருவி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணைக் காட்டக்கூடும்; அவர்கள் மருத்துவரிடம் கையால் அளக்கும் கருவியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கையை மேசைமீது இதய மட்டத்தில் வைத்து, துணிக்கு மேல் அல்லாமல் வெறுங்கையில் பட்டையைக் கட்டி, ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். முதன்முறை இரு கைகளிலும் அளந்து பார்த்துவிடுங்கள். ஒரு கையில் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் அந்தக் கையே இனி அளக்க வேண்டிய கை. இரு கைகளுக்கும் இடையே 15-க்கு மேல் வேறுபாடு நிலைத்திருந்தால், குறைவாகக் காட்டும் பக்கத்துத் தமனியில் அடைப்பு இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவோடு சேர்த்து நாடித்துடிப்பையும் எழுதுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அவசர நிலையை அடையாளம் காண்பதில் அந்த எண்ணுக்குத்தான் பெரும் பங்கு.

எழுந்து நிற்கும்போது வரும் சரிவு

உட்கார்ந்த நிலையில் அளவு நன்றாக இருந்தும், படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்பவர்களுக்கு ஒரு தனிச் சோதனை இருக்கிறது. இதை வீட்டிலேயே செய்யலாம், ஆனால் தனியாக இருக்கும்போது செய்ய வேண்டாம். விழுந்துவிட்டால் தாங்கிப் பிடிக்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் படுத்திருந்து, அப்படியே அழுத்தத்தையும் நாடியையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு எழுந்து நின்று, ஒரு நிமிடம் ஆனதும் ஒருமுறையும், மூன்று நிமிடம் ஆனதும் ஒருமுறையும், கையை இதய மட்டத்தில் தாங்கியபடி அளங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் அது எழுநிலைத் தாழழுத்தம். பொறுக்க முடியாத தலைச்சுற்றல் வந்தால் மூன்று நிமிடம் வரை காத்திருக்காமல் உடனே படுத்துவிட வேண்டும்.

நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கும் கூடுதலான இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் இறங்கித் தேங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதைக் கண்டறிந்து மூளைக்குத் தெரிவிக்க, ஓரிரு விநாடிகளில் நாடி விரைவுபடுகிறது, குழாய்கள் இறுகுகின்றன. நலமாக உள்ள இளைஞருக்கும் சட்டென்று எழும்போது சில விநாடிகள் கண் மங்கி உடனே தெளிவது இந்தச் சரிக்கட்டல் சற்றுத் தாமதிப்பதால்தான். அது அரை நிமிடத்துக்குள் சரியாகிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. சரிவு மூன்று நிமிடம் ஆகியும் நீடிக்கிறதென்றால் காரணம் தேட வேண்டும்.

இங்கே நாடி பெரிதும் துணைசெய்யும். அழுத்தம் 30 இறங்கும்போது நாடி நிமிடத்துக்கு 20, 30 என்று கூடினால், உணரிகளும் நரம்புகளும் வேலை செய்கின்றன. உடலில் நீரோ இரத்தமோ குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அழுத்தம் அவ்வளவு இறங்கியும் நாடி ஐந்தாறு மட்டுமே கூடினால், நாடியையும் இரத்தக் குழாய்களையும் தாமாகவே கட்டுப்படுத்தும் தானியங்கி நரம்புகள் பழுதடைந்திருக்கலாம். நெடுநாள் நீரிழிவு, பார்க்கின்சன் நோய், வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவற்றில் இது காணப்படும். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் நாடி உயராது என்பதை நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். அழுத்தம் இறங்காமல், நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி மட்டும் 30 அல்லது அதற்கு மேல் கூடிப் படபடப்பும் தலைச்சுற்றலும் மாதக்கணக்கில் தொடருமானால் அது வேறொரு நிலை; பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. அதை வெறும் பதற்றம் என்று ஒதுக்கிவிடாமல் இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதியவர்களுக்கு இன்னொரு சரிவும் உண்டு. உணவு உண்ட இரண்டு மணி நேரத்துக்குள், செரிமானத்துக்காகக் குடலுக்கு இரத்தம் கூடுதலாகப் போவதால், மேல் அளவு 20-க்கு மேல் இறங்குவது. உண்டபின் வரும் தள்ளாட்டத்தை உண்ட களைப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் பல. உண்பதற்கு முன்னும், உண்டு ஒரு மணி நேரம் கழித்தும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மருந்துகள்

புதிதாக அழுத்தம் குறைந்த நடுத்தர வயதினரிடமும் முதியவரிடமும் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய மாத்திரைப் பெட்டியை. உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகள், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் போன்றவை, நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டுகள், பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா, மனநலத்துக்கான சில மருந்துகள், நீரிழிவுக்கான மாத்திரைகளில் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை என்று பட்டியல் நீளும். தனித்தனியே சிறிதளவு குறைப்பவை மூன்று நான்கு சேரும்போது சரிவு பெரிதாகிவிடும். மது இவை எல்லாவற்றின் விளைவையும் கூட்டும்.

ஒரு சேர்க்கையை மட்டும் தனியே எச்சரிக்க வேண்டும். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில், டடலாஃபில் போன்ற மாத்திரைகளை நைட்ரேட்டுடன் சேர்த்து எடுத்தால் அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரியக்கூடும். சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்கும், டடலாஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தரக் கூடாது. கூச்சத்தால் இதை மறைப்பவர்கள் நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வரும்போது, அந்த மௌனமே அவர்களுக்குத் தீங்காகிவிடும்.

மருந்துதான் காரணம் என்று தெரிந்தாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பீட்டா தடுப்பு மாத்திரைகளையும், உயர் அழுத்தத்துக்கான குளோனிடினையும் திடீரென நிறுத்தினால் அழுத்தமோ இதயத் துடிப்போ எகிறும். வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழலாம். பெரும்பாலும் மருத்துவர் செய்வது சிறு மாற்றமாகவே இருக்கும்: அளவைக் குறைப்பார், நேரத்தை மாற்றுவார், அல்லது வேறு வகைக்கு மாற்றுவார். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்திவைக்கலாம் என்பதை நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது மிகவும் பயனுள்ள முன்னேற்பாடு.

கவலைப்பட வேண்டிய தருணங்கள்

உடலின் உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலையை மருத்துவர்கள் ஷாக் என்பார்கள். அழுத்தம் குறைந்தால்தான் ஷாக் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்; அந்த எண்ணத்தால் விலைமதிப்பற்ற மணிநேரங்கள் வீணாகின்றன. இரத்தம் இழக்கும்போது உடல் முதலில் நாடியை விரைவுபடுத்தி, தோலுக்குப் போகும் குழாய்களை இறுக்கி, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. நலமான ஒரு பெரியவர் மொத்த இரத்தத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு, அதாவது சுமார் ஒன்றரை லிட்டர், இழக்கும் வரைகூட மேல் அளவு பெரிதாக இறங்காமல் இருக்கலாம். குழந்தைகள் இன்னும் நீண்ட நேரம் தாக்குப்பிடித்து, பிறகு திடீரென விழுந்துவிடுவார்கள். ஆகவே விபத்திலோ, பிரசவத்துக்குப் பிறகோ, வயிற்றுக்குள்ளோ இரத்தக் கசிவு இருக்கும் என்ற ஐயம் எழுந்தால், ‘அழுத்தம் 110 இருக்கிறது’ என்று ஆறுதல் கொள்ளக் கூடாது.

அப்போது பார்க்க வேண்டியவை வேறு. பெரியவர் ஒருவரின் நாடித்துடிப்பு எண் மேல் அளவின் எண்ணைத் தாண்டிவிட்டால், உதாரணமாக நாடி 118, மேல் அளவு 104 என்றால், அது அவசர நிலை. கைகால்கள் குளிர்ந்து வெளிறியிருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விட்டால், இரண்டு மூன்று விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். தாமதித்தால், குளிரில் இருந்தவர் அல்லாதபோது, இரத்த ஓட்டம் குறைவு என்று கொள்ளலாம். ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் பிரியவில்லை என்பது இன்னொரு அடையாளம். எல்லாவற்றையும்விட, பேசிக்கொண்டிருந்தவர் குழம்பிப் பேசுவதும், காரணமின்றி அமைதியிழப்பதும், எழுப்ப எழுப்ப உறங்குவதும் மூளைக்கு இரத்தம் போதவில்லை என்பதைக் காட்டுகின்றன. குழந்தைகளுக்கு அழுத்த எண்களே வேறு: ஒன்றிலிருந்து பத்து வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்டினால் வருவது மேல் அளவின் கீழ் எல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது 80. அதற்குக் கீழே போகும்வரை காத்திருப்பது மிகவும் தாமதம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டெங்குவில் இரு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறத் தொடங்குகிறது. அப்போது மேல் அளவு அப்படியே இருக்க, கீழ் அளவு மேலே நெருங்கி வரும். 100/82 என்ற அளவைப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் எண்ணுவார்கள். ஆனால் இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவு என்பது டெங்குவில் ஷாக்கின் அறிகுறி. காய்ச்சல் விட்டதே என்று நிம்மதி அடையும் அதே நாளில் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு வந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிருமித்தொற்று இரத்தத்தில் பரவிய நிலையிலும் நேரமே உயிர். காய்ச்சலோ, முதியவரானால் உடல் குளிர்ந்துபோவதோ இருந்து, அதனுடன் மேல் அளவு 100 அல்லது அதற்குக் கீழ், மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், மனத்தெளிவில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்தால் அன்றிரவு கழியட்டும் என்று பார்க்கக் கூடாது.

மயங்கி விழுவதிலும் தரம் பிரிக்க வேண்டும். வெயிலில் நெடுநேரம் நின்றபோதோ, இரத்தத்தைப் பார்த்தபோதோ, ஊசி போட்டபோதோ, குமட்டலும் வியர்வையும் முன்கூட்டி வந்து, பிறகு விழுந்து, படுத்தவுடன் ஒரு நிமிடத்துக்குள் தெளிவது பெரும்பாலும் தீங்கற்றது. உடற்பயிற்சியின் நடுவில் விழுவது, படுத்திருக்கும்போதே நினைவிழப்பது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சுருண்டு விழுவது, விழுவதற்குச் சற்றுமுன் நெஞ்சு படபடப்பது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருப்பது ஆகியவை இதயத்தைச் சந்தேகிக்க வேண்டியவை. இவர்களுக்கு அன்றே இசிஜி எடுக்க வேண்டும்.

கருவுற்ற பெண்களுக்கு முதல் 24 வாரங்களில் அழுத்தம் சற்று இறங்குவது இயல்பு. கடைசி மாதங்களில் தானே பழைய அளவுக்குத் திரும்பும். பிற்பகுதியில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெருநாளத்தை அழுத்தித் தலைச்சுற்றல் வரும். இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தால் சரியாகிவிடும். ஆனால் மாதவிடாய் தள்ளிப்போன ஒரு பெண்ணுக்கு அடிவயிற்று வலியும் மயக்கமும் சேர்ந்து வந்தால், கரு கருப்பைக்கு வெளியே வளர்ந்து வெடித்திருக்கலாம். தோள்பட்டை நுனியில் வலி தெரிவதும் இதற்கு ஓர் அடையாளம். வெளியே இரத்தம் தெரியவில்லை என்பதால் காத்திருக்கக் கூடாது.

அரிதாக, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும் அழுத்தமும் ஒரு பெரிய நோயைக் காட்டும். எடை குறைவது, பசியின்மை, உப்பை நாடும் விருப்பம், உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுப்பது ஆகியவை சேர்ந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி செயலிழந்திருக்கலாம். தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்த இந்த நோயை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், சிகிச்சையும் உண்டு. சோர்வு என்று தள்ளிப்போட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலே உயிரைப் பறித்துவிடக்கூடும்.

தலைசுற்றும் அந்த நிமிடத்தில்

நின்ற இடத்திலேயே படுத்துவிடுவதைவிடச் சிறந்த முதலுதவி இல்லை. கால்களைச் சற்று உயர்த்தி வைத்தால் தேங்கிய இரத்தம் இதயத்துக்குத் திரும்பும். படுக்க இடமில்லை என்றால் உட்கார்ந்து தலையை முழங்கால்களுக்கு இடையே தாழ்த்தலாம். மயக்கம் வருவது முன்கூட்டியே தெரிந்தால், கால்களைப் பின்னிக்கொண்டு தொடை, பின்புறத் தசைகளை இறுக்குவதும், இரு கைகளையும் கோத்து எதிரெதிரே இழுப்பதும் அழுத்தத்தைத் தற்காலிகமாக ஏற்றிப் படுக்கும்வரை தாங்கும். அருகில் இருப்பவர்கள் விழுந்தவரைத் தூக்கி நிறுத்தவோ நாற்காலியில் உட்கார வைக்கவோ கூடாது; அது மூளைக்குப் போகும் இரத்தத்தை மேலும் குறைக்கும். முழு நினைவு திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சு இயல்பாக இல்லை, அழைத்தால் பதில் இல்லை என்றால் ஆம்புலன்ஸை அழைத்து மார்பழுத்தத்தைத் தொடங்க வேண்டும்.

ஒவ்வாமையால் சரிந்தவருக்கு அட்ரினலின் ஊசியே மருந்து. அதைத் தொடையின் வெளிப்புறத்தில் நடுப்பகுதியில் தசைக்குள் போட வேண்டும். ஊசி போட்டபின் தெளிவாகத் தெரிந்தாலும் அவரை எழுந்து நடக்க விடக் கூடாது. மூச்சுத்திணறல் இருந்தால் மட்டும் கால்களை நீட்டி உட்கார வைக்கலாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கால் நீர் வற்றியவருக்குத் தண்ணீர் மட்டும் போதாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் தேவை. பொட்டலம் கிடைத்தால் அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறுகச் சிறுகக் குடிக்கத் தரலாம். குடித்தது தங்காமல் வெளியேறிக்கொண்டே இருந்தால் இரத்தக் குழாய் வழியாகத்தான் நீர் ஏற்ற வேண்டும்.

தொடர்ந்து தொல்லைப்படுபவர்களுக்கு

காரணம் கண்டறியப்பட்டு, ஆபத்தில்லை என்று உறுதியான பிறகும் சிலருக்கு எழும்போதெல்லாம் தலை சுற்றும். அவர்கள் படுக்கையிலிருந்து எழுவதை மூன்று கட்டமாகச் செய்யலாம்: முதலில் உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் சில முறை அசைத்து, ஒரு நிமிடம் கழித்து எழுந்து, கட்டிலைப் பிடித்தபடி சற்று நின்று, பிறகே நடப்பது. காலை எழுந்தவுடன் அரை லிட்டர் தண்ணீரைச் சில நிமிடங்களில் குடித்துவிடுவது, நரம்புப் பழுதால் சரிவு வருபவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரை அழுத்தத்தைத் தாங்குகிறது. ஒரு வேளையில் நிறைய உண்பதை விட்டுச் சிறுசிறு வேளைகளாக உண்பதும், மாவுச்சத்தைக் குறைப்பதும் உண்டபின் வரும் சரிவுக்கு நல்லது. இறுக்கமான மருத்துவக் காலுறைகள் முழங்காலோடு நின்றுவிட்டால் பயன் குறைவு. இடுப்பு வரை இருப்பவையும் வயிற்றுப் பட்டையும் மேலானவை. இரவில் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 10 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் கொடுத்தால், இரவுச் சிறுநீரின் அளவு குறைந்து காலைச் சரிவும் தணியும். இரவில் சிறுநீர் கழிக்க எழும் ஆண்கள் உட்கார்ந்து கழிப்பது, கழிப்பறையில் மயங்கி விழுவதைத் தடுக்கும்.

உப்பைக் கூட்டுங்கள் என்ற அறிவுரை எளிதாகச் சொல்லப்படுகிறது. அது சிலருக்கு மருந்து, பலருக்கு நஞ்சு. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், படுத்திருக்கும்போது உயர் அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கூட்டினால் உடலில் நீர் கோத்துக்கொள்ளும். அழுத்தத்தை ஏற்றத் தரும் ஃபுளூட்ரோகார்டிசோன், மிடோட்ரின் போன்ற மாத்திரைகளிலும் எச்சரிக்கை தேவை. அவை படுத்த நிலையில் அழுத்தத்தை மிகவும் ஏற்றிவிடலாம் என்பதால், மிடோட்ரினின் கடைசி வேளையைப் படுப்பதற்கு நான்கு மணி நேரத்துக்கு முன்பே எடுத்துவிடச் சொல்வார்கள். மருத்துவர் எழுதித் தராமல் இவற்றை வாங்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது ஒரு வார அளவுகளை நேரத்தோடும் நாடியோடும் எழுதிக்கொண்டு போங்கள். காலை எழுந்தவுடன், மாத்திரை எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து, பெரிய உணவுக்குப் பின், தலைசுற்றிய நேரம் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். மூலிகைப் பொடிகளும் கடையில் தாமாக வாங்கியவையும் உட்பட எல்லா மருந்துகளையும் உறையோடு எடுத்துப் போக வேண்டும். மயங்கி விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விழும்போது முகம் வெளிறியதா, எவ்வளவு நேரம் நினைவில்லை, கைகால் வெட்டி இழுத்ததா, எழுந்தபின் குழப்பம் இருந்ததா என்பவற்றை விழுந்தவரால் சொல்ல முடியாது. மயக்கத்தையும் வலிப்பையும் பிரித்தறிய மருத்துவர் முதலில் கேட்பவை இந்தக் கேள்விகள்தாம்.